மணல்வெளி முட்புற்களை இனம் பிரிப்பது எப்படி: சென்க்ரஸ் பேரினத்துக்கு முழுமையான வழிகாட்டி

மணல் தரையில் நடந்துவிட்டு வந்தால் துணி ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும் முள்ளுருண்டைகளில் பல, சென்க்ரஸ் பேரினத்துப் புற்களுடையவை. கொழுக்கட்டைப் புல்லும் இந்தக் குடும்பம்தான். நின்று பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உயரம், இலை, நிறம் ஆகியவற்றை வைத்துப் பிரிக்கப் புகுந்தால் கட்டாயம் தவறும். ஒற்றை முட்கொத்தைக் கழற்றி, அதன் அடிப்பாகத்தை லென்ஸில் பார்த்தால் பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். அந்த இடத்துக்கு எந்த வரிசையில் போவது என்பதுதான் கீழே வருகிறது.

1. முதலில் சில சொற்கள்

சென்க்ரஸ் கதிரில் மணிகள் தனித்தனியாக நிற்பதில்லை. ஒன்று முதல் நான்கு வரையிலான சிறுகதிர்களைச் (புல்லின் பூவும் மணியும் உமிக்குள் இருக்கும் சிறு அலகு) சுற்றி முட்களோ இழைகளோ வேலிபோல நிற்கும். இந்தத் தொகுதியை இங்கே முட்கொத்து என்று சொல்கிறோம். முற்றியதும் கொத்து முழுதாகக் கழன்று விழும்.

வேலியில் இரண்டு அடுக்கு உண்டு. உள்ளடுக்கு நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். வெளியடுக்கு மெல்லியதாக, குட்டையாக இருக்கும். சில இனங்களில் கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடும். உள்ளடுக்கு முட்கள் அடியில் ஒன்றோடொன்று ஒட்டி உருவாகும் தட்டை வட்டுக்கு அடிவட்டு என்றும், அந்த ஒட்டு மேலே ஏறிக் கிண்ணமாக நின்றால் அதற்குக் கிண்ணம் என்றும் பெயர் வைத்துக்கொள்வோம். அடிவட்டா கிண்ணமா, கிண்ணமென்றால் எவ்வளவு ஆழம்: இனப்பிரிப்பில் பாதி வேலை இந்தக் கேள்விதான்.

2. கையோடு இருக்க வேண்டியவை

10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ், கூர்முனைச் சாமணம், புது பிளேடு, மி.மீ. கோடு போட்ட அளவுகோல், சிறிய மண்கரண்டி, காகித உறைகள், பென்சில், தடித்த தோல் கையுறை. இவற்றோடு ஒரு கருப்பு அட்டையும் ஒரு வெள்ளை அட்டையும். வெளிறிய இழைகளின் ஓர மயிர் வெள்ளைக் காகிதத்தின் மேல் தெரியவே தெரியாது, கருப்பில்தான் தெரியும். அடர்ந்த ஊதா நிற முட்களுக்கு வெள்ளை அட்டை.

பிளாஸ்டிக் பை வேண்டாம். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், முட்கள் பையைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும்.

3. எந்தச் செடி, எந்தக் கொத்து

செடியில் நிற்கும் கொத்தை மட்டும் எடுங்கள். தரையில் கிடப்பதையும் துணியில் ஒட்டியதையும் வைத்து, பக்கத்தில் நிற்கும் செடிக்குப் பெயர் சூட்டக் கூடாது. மணலில் காற்று அடிக்கும்போது கொத்துகள் உருண்டு போய் வேறொரு புதரின் காலடியில் குவியும். கற்றுக்கொள்கிறவர்கள் செய்யும் பிழைகளில் இதுதான் அதிகம்.

கதிரின் நடுப்பகுதியிலிருந்து, முற்றியும் உதிராமல் நிற்கும் கொத்துகளாகப் பாருங்கள். நுனிக் கொத்துகள் பெரும்பாலும் வளர்ச்சி குன்றியவை. இளங்கொத்தில் கிண்ணம் இறுகியிருக்காது, முட்களும் விரியாமல் ஒடுங்கி நிற்கும். சரியான பருவம் என்பதற்கு அடையாளம்: விரலால் லேசாகத் தட்டினால் கதிரின் மேலிருந்து இரண்டொன்று கழன்று விழ வேண்டும், கதிரை உருவினாலே எல்லாம் கொட்டிவிடக் கூடாது.

ஒரே செடியோடு நிறுத்தாதீர்கள். குறைந்தது மூன்று செடிகளில், செடிக்கு ஐந்து கொத்து. ஒவ்வொரு செடிக்கும் தனி உறை. ஒரே உறையில் போட்டுவிட்டால் பிறகு எது எதனுடையது என்று பிரிக்கவே முடியாது. முட்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும்.

4. செடியின் அடியைத் தோண்டிப் பாருங்கள்

இது களத்திலேயே முடிய வேண்டிய வேலை. வீட்டுக்கு வந்தபின் செய்ய வழியில்லை. அதனால்தான் லென்ஸை எடுப்பதற்கு முன்பே வருகிறது.

மணல் புற்களின் அடித்தூரை மூடிவிடும். மேலே தனித்தனியாக நிற்கும் தண்டுகள் கீழே ஒரே தூராக இருக்கலாம். மண்கரண்டியால் ஒரு சாண் ஆழம் வரை மணலை விலக்குங்கள். முடிச்சுமுடிச்சாகத் தடித்த அடி, பழைய இலையுறைகளின் காய்ந்த நார், போன பருவத்துத் தண்டின் கட்டை ஆகியவை இருந்தால் பல்லாண்டுப் புல். மெல்லிய சல்லிவேர் மட்டும் இருந்து, இழுத்ததும் முழுதாக வந்துவிட்டால் ஓராண்டுப் புல்.

தண்டு தரையோடு படர்ந்து கீழ்க்கணுக்களில் வேர் விட்டிருப்பதைப் பார்த்துப் பல்லாண்டு என்று முடிவு கட்டாதீர்கள். சென்க்ரஸ் எக்கினேட்டஸ் ஓராண்டுப் புல்தான். ஆனால் அதுவும் கீழ்க்கணுவில் வேர் பிடிக்கும்.

5. சென்க்ரஸ்தானா என்று உறுதி செய்யுங்கள்

மணலில் ஒட்டும் எல்லாமே சென்க்ரஸ் அல்ல. மூன்று போலிகளை முதலில் கழித்துவிட வேண்டும்.

செட்டேரியா: கதிர் துணியில் ஒட்டும், இழைகளும் இருக்கும். ஆனால் மணி மட்டும் உதிரும், இழைகள் கதிர்த்தண்டிலேயே நிற்கும். சென்க்ரஸில் இழையும் மணியும் சேர்ந்தே விழும். உதிர்ந்து முடிந்த கதிர் ஒன்றைப் பாருங்கள்: தண்டு மொட்டையாக இருந்தால் சென்க்ரஸ், இழைகளோடு துடைப்பம்போல நின்றால் செட்டேரியா.

டிராகஸ்: மிகச் சிறிய ஒட்டுமுள். இங்கே முள் தனி வேலியாக இல்லை. மணியை மூடிய உமியின் முதுகிலேயே வரிசையாகக் கொக்கிகள் இருக்கும். லென்ஸில் ஒரு நொடியில் தெரிந்துவிடும்.

நெருஞ்சி: புல்லே அல்ல. கடினமான காய், நட்சத்திரம்போல ஐந்து துண்டாக உடையும். செடி கையில் இருந்தால் குழப்பமே வராது. தனிக் காய் மட்டும் கிடைத்தால்தான் தடுமாற்றம்.

பெயரில் ஒரு பொறி உண்டு. சென்க்ரஸ் ஸ்பினிஃபெக்ஸ் என்பது இந்தப் பேரினத்தின் ஓர் இனம். ஸ்பினிஃபெக்ஸ் என்று தனிப் பேரினமும் இருக்கிறது. கடற்கரை மணல்மேட்டில் பெரிய முட்பந்தாக உருண்டோடும் இராவணன் மீசை அதைச் சேர்ந்தது. இரண்டுக்கும் தோற்றத்தில் சம்பந்தமில்லை.

6. தொட்டுப் பாருங்கள்: இழையா, முள்ளா?

கொத்தின் மேல் விரல்நுனியை மெதுவாக அழுத்துங்கள். வளைந்து கொடுத்தால் இழை, குத்தினால் முள். இது முதல் பிரிவு.

அடுத்து நுண்பற்கள். முள்ளின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் இருக்கும். அவை நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கின்றனவா, அடியை நோக்கியா என்பதுதான் இரண்டாம் பிரிவு. சாமணத்தால் ஒரு முள்ளைப் பிடித்து, விரல்நகத்தின் ஓரத்தை அடியிலிருந்து நுனிக்கு நகர்த்துங்கள். வழுக்கிக்கொண்டு போனால் பற்கள் நுனி நோக்கியவை. தடுக்கினால் அடி நோக்கியவை. தூண்டில் முள்ளின் எதிர்ப்பல்லைப்போல உள்ளே போவது எளிது, வெளியே வருவது கடினம். துணியிலும் தோலிலும் இறங்கிப் பிடிப்பவை இவையே.

நகத்தால் தெரியவில்லையென்றால் கம்பளித் துணியில் முள்நுனியை லேசாகக் குத்தி இழுங்கள். நூல் கூடவே எழும்பி வந்தால் அடி நோக்கிய பற்கள். இதன்பிறகும் லென்ஸில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. ஏனென்றால் முற்றிய கொத்தில் பற்கள் உடைந்திருக்கலாம். உள்ளடுக்கு முள்ளின் மேல்பாதியைப் பாருங்கள்.

7. கொத்தைப் பிளந்து ஒட்டின் உயரத்தை அளவெடுங்கள்

வெளியிலிருந்து பார்த்து ஒட்டின் உயரத்தைச் சொல்ல முடியாது. வெளியடுக்கு இழைகள் மறைத்துவிடும், அல்லது நெருக்கமாக நிற்கும் முட்கள் ஒட்டியவைபோலத் தோன்றும். பிளந்துதான் ஆக வேண்டும்.

காய்ந்த கொத்தாக இருந்தால் முதலில் சூடான நீரில், ஒரு சொட்டு சோப்புத் திரவம் விட்டு, சில நிமிடம் ஊற வையுங்கள். ஊறாமல் வெட்டினால் கிண்ணம் நொறுங்கும். அப்படி நொறுங்கிய விளிம்பைப் பார்த்து முட்கள் அடியிலேயே பிரிந்திருக்கின்றன என்று தவறாக எழுதிவிடுவார்கள்.

ஊறியதை அட்டையில் வைத்து, காம்பு நடுவே வரும்படி பிளேடால் நெடுக்காக இரண்டாகப் பிளக்கவும். உள்ளேயுள்ள சிறுகதிர்களை எண்ணிக் குறித்துவிட்டுச் சாமணத்தால் எடுத்து விடுங்கள். இப்போது உட்சுவர் தெரியும். அடிவட்டின் விளிம்பிலிருந்து, முட்கள் தனித்தனியாகப் பிரியும் இடம் வரை எத்தனை மி.மீ.? முள்ளின் மொத்த நீளத்தில் அது எந்தப் பங்கு? இரண்டையும் எழுதுங்கள். குறைந்தது மூன்று கொத்துகளில் இப்படி எடுத்துப் பார்த்தபின் முடிவுக்கு வாருங்கள்.

8. இழைக் கூட்டம்

விரலை அழுத்தினால் வளைபவை இங்கே வரும்.

சென்க்ரஸ் சிலியாரிஸ், அதாவது கொழுக்கட்டைப் புல்: பல்லாண்டுப் புல், அடித்தூர் முடிச்சாகத் தடித்திருக்கும். உள்ளிழைகள் அடிவட்டில் மட்டும் ஒட்டியிருக்கும். வட்டுக்கு மேலே ஒட்டு ஏறியிருந்தாலும் அரை மி.மீ.யைத் தாண்டுவது அரிது. உள்ளிழைகளின் கீழ்ப்பகுதி ஓரம் முழுக்க இறகுபோல நீண்ட மயிர். இழைகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நீளமாகவும் தடிமனாகவும் நீட்டிக்கொண்டு நிற்கும். இதைத் தேடிப் பிடியுங்கள், கருப்பு அட்டையில் பளிச்சென்று தெரியும்.

சென்க்ரஸ் பென்னிசெட்டிஃபார்மிஸ்: பார்வைக்கு சிலியாரிஸின் இரட்டைப் பிறவி. இழை மயிர், நிறம், கதிர் வடிவம் எதுவும் பிரிக்க உதவாது. ஒரே நம்பகமான வேறுபாடு ஒட்டின் உயரம்: இங்கே உள்ளிழைகள் வட்டுக்கு மேலே சுமார் 1 முதல் 3 மி.மீ. வரை ஒட்டி, சிறு கிண்ணமாக நிற்கும். ஏழாம் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள் இந்தப் புல்லை எப்போதும் சிலியாரிஸ் என்றே எழுதிவைப்பார்கள்.

ஒட்டு 0.5 மி.மீ.க்கும் 1 மி.மீ.க்கும் இடையில் வந்தால் வலிந்து ஒரு பக்கம் தள்ளாதீர்கள். இன்னும் ஐந்து கொத்துகளைப் பிளந்து, அளவுகள் எந்தப் பக்கம் குவிகின்றன என்று பாருங்கள்.

வட்டே இல்லை, இழைகள் அடிவரை முற்றிலும் தனித்தனி என்றால், முன்பு பென்னிசெட்டம் என்று அழைக்கப்பட்ட கூட்டத்துக்குள் வந்துவிட்டீர்கள். 2010இல் வந்த வகைப்பாட்டில் பென்னிசெட்டம் முழுவதும் சென்க்ரஸோடு இணைக்கப்பட்டது. கம்புகூட இப்போது சென்க்ரஸ் அமெரிக்கானஸ். பாலைவன மணல்மேடுகளில் மூங்கில்போலக் கட்டையாகக் கிளைத்துப் புதராக நிற்கும் சென்க்ரஸ் டிவைசஸ் இந்தக் கூட்டம்தான். எந்தத் தாவரப் பட்டியலைப் புரட்டினாலும் இரண்டு பெயரிலும் தேடுங்கள். சிலியாரிஸும் பல ஏடுகளில் பென்னிசெட்டம் சிலியாரே என்றே இருக்கும்.

9. நடுவில் நிற்பது: செடிஜெரஸ்

சென்க்ரஸ் செடிஜெரஸ் கையில் கடினமாகப் படும். ஆனால் துணியைக் கவ்விப் பிடிக்காது, ஏனென்றால் பற்கள் அடியை நோக்கிச் சாய்ந்திருக்கவில்லை. பல்லாண்டுப் புல். கொத்து சிறியது, 3 முதல் 7 மி.மீ. வரை. உள்முட்கள் தட்டையாக, நிமிர்ந்து, மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை ஒட்டி இறுகிய கிண்ணமாகும். வெளியடுக்கு பெயருக்கு ஓரிரண்டு, அல்லது அதுவும் இல்லை. தனியாக எடுத்து நிமிர்த்தி வைத்தால் ஒரு சிறு கிரீடம்போல இருக்கும்.

மேய்ச்சலுக்காக விதைத்த நிலங்களில் இதுவும் சிலியாரிஸும் கலந்து நிற்கலாம். இரண்டுக்குமே கொழுக்கட்டைப் புல் என்ற பெயர் வழங்குவதால், யாராவது பெயர் சொன்னார்கள் என்று உறையில் எழுதிவிடாதீர்கள். இறகு மயிர் உண்டா, இல்லையா என்பதே இங்கே போதுமான கேள்வி. உண்டு என்றால் சிலியாரிஸ். மயிரின்றிக் கிண்ணம் இறுகி நின்றால் செடிஜெரஸ்.

10. கொக்கிமுள் கூட்டம்

குத்தும், கவ்வும், பற்கள் அடியை நோக்கும். கையுறை இங்கே கட்டாயம். இந்தக் கூட்டத்தில் பார்க்க வேண்டியது முட்கள் கொத்தின் உடலில் எங்கெங்கே முளைக்கின்றன என்பது.

சென்க்ரஸ் பைஃப்ளோரஸ்: ஓராண்டுப் புல். ஆப்பிரிக்காவின் சாஹேல் பகுதியிலிருந்து தார் பாலைவனம் வரை மணலில் பரவிக் கிடப்பது; சாஹேலில் இதற்கு கிராம்-கிராம் என்று பெயர். உள்முட்கள் நிமிர்ந்து கூராக நிற்கும், ஆனால் ஒட்டு அடியில் மட்டும்தான். ஆழமான கிண்ணம் கிடையாது. சுற்றிலும் மெல்லிய வெளிமுட்கள் ஏராளமாக விரிந்து பரந்திருக்கும். குத்தும் முள்ளும் ஆழமில்லாத ஒட்டும் சேர்ந்து வந்தால் இதுவே.

சென்க்ரஸ் எக்கினேட்டஸ்: இதுவும் ஓராண்டு. அமெரிக்கக் கண்டங்களைப் பூர்வீகமாகக் கொண்டது, இப்போது வெப்பமண்டலம் முழுக்க உண்டு. கொத்து உருண்டையாக, 5 முதல் 10 மி.மீ. வரை. தட்டையான உள்முட்கள் ஏறத்தாழ பாதி வரை ஒட்டி ஆழமான கிண்ணமாக நிற்கும். அந்தக் கிண்ணத்தின் அடியில் மட்டும், மெல்லிய உருண்டை முட்கள் பாவாடைபோல ஒரு சுற்று. தட்டை முட்கள் மேலே ஒரே வளையமாக, உருண்டை முட்கள் கீழே ஒரு வளையமாக இருக்கும் இந்த இரட்டை ஒழுங்கை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

சென்க்ரஸ் ஸ்பினிஃபெக்ஸ், சென்க்ரஸ் லாங்கிஸ்பைனஸ்: இரண்டிலும் அந்த ஒழுங்கு இல்லை. கிண்ணத்தின் உடல் முழுக்க, மேலும் கீழுமாக, ஒழுங்கற்ற இடைவெளியில் முட்கள் முளைத்திருக்கும். இரண்டையும் பிரிப்பது எண்ணிக்கை: ஸ்பினிஃபெக்ஸில் பொதுவாக 40க்கு உட்பட்டு, லாங்கிஸ்பைனஸில் 45 முதல் 75 வரை. லாங்கிஸ்பைனஸ் முட்கள் மெல்லியவை, அடியில் இருப்பவை கீழ்நோக்கி மடிந்திருக்கும்.

எண்ணுவதற்கு ஒரு வழி. கொத்தைக் களிமண் உருண்டையில் குத்தி நிறுத்துங்கள். ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, சிறு கத்தரியால் முட்களை ஒவ்வொன்றாக அடியோடு நறுக்கி வெள்ளை அட்டையில் விழச் செய்யுங்கள். கொத்து மொட்டையானதும் அட்டையில் கிடப்பவற்றைப் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ணுங்கள். முட்களைக் கொத்திலேயே வைத்து எண்ணினால், எங்கே தொடங்கினோம் என்பது மறந்து ஒவ்வொரு முறையும் வேறு எண்ணிக்கை வரும். அடியிலுள்ள குட்டை முட்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் லாங்கிஸ்பைனஸ் ஸ்பினிஃபெக்ஸாகிவிடும்.

சென்க்ரஸ் டிரிபுலாய்டிஸ்: வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரை மணல்மேடுகளுக்கு உரியது. கொத்தின் உடல் அடர்ந்த மென்மயிரால் மூடியிருக்கும். முட்களின் அடி அகலமாக இருக்கும்.

11. கதிர் இல்லை, நாற்று மட்டும்தான் என்றால்

இலையை வைத்து இனம் சொல்ல முயலாதீர்கள். இலையும் இலையுறையும் சந்திக்கும் இடத்திலுள்ள மயிர் விளிம்பு இந்தப் பேரினத்தில் பொதுவானது, இனத்தைக் காட்டாது.

ஆனால் மணலில் ஒரு வசதி உண்டு. விதை கொத்துக்குள் இருந்தபடியே முளைக்கிறது. நாற்றைச் சுற்றி மணலை விரலால் விலக்கி, இழுக்காமல் கீழிருந்து கிளப்பினால், தண்டு வேராகும் இடத்தில் பழைய முட்கொத்து தொங்கிக்கொண்டு வரும். மண் படிந்து கறுத்திருக்கும். நீரில் அலசிவிட்டு ஆறாம், ஏழாம் படிகளைச் செய்து பாருங்கள். பிடித்து இழுத்தால் கொத்து மணலிலேயே தங்கிவிடும், கையில் பெயரற்ற நாற்றுதான் மிஞ்சும். முட்கள் ஒடிந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் எண்ணிக்கையை இங்கே நம்ப வேண்டாம். ஒட்டின் உயரம் மட்டும் நம்பத்தக்கது.

12. மீண்டும் மீண்டும் நடக்கும் பிழைகள்

நிறம். ஒரே இனத்தில் வைக்கோல் நிறமும் ஊதாவும் உண்டு. வெயிலும் முதிர்ச்சியும் நிறத்தை மாற்றும். குறித்து வையுங்கள், அதை வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

உயரம். மேய்ந்த நிலத்தில் சாண் உயரத்தில் கதிர் விட்ட சிலியாரிஸ், மேயாத இடத்தில் இடுப்பளவு வளரும்.

மேலிருந்து எடுத்த கைபேசிப் படம். கதிர் அழகாகத் தெரியும், அடிவட்டு தெரியாது. படம் எடுப்பதானால் மூன்று வேண்டும்: தனிக்கொத்து பக்கவாட்டில், பிளந்த கொத்தின் உட்புறம், தோண்டிய தூர். ஒவ்வொன்றிலும் அளவுகோல் தெரிய வேண்டும்.

ஒரே இடத்தில் ஒரே இனம்தான் இருக்கும் என்ற எண்ணம். சிலியாரிஸ் பெரும்பாலும் கருவுறாமலே விதை கட்டுவதால், ஒரு திட்டு முழுக்க அச்சடித்ததுபோல இருக்கும். பக்கத்துத் திட்டு வேறொரு இனம்போலத் தோன்றும். இரண்டும் சிலியாரிஸாகவே இருக்கலாம். மறுபக்கம், ஒன்றுபோலத் தோன்றும் திட்டுக்குள் செடிஜெரஸ் கலந்திருக்கலாம். திட்டுக்கு ஒரு செடியாவது பிளந்து பார்த்தே ஆக வேண்டும்.

13. உறையில் எழுதுவதும் கிளம்பும்முன் செய்வதும்

பென்சிலால் எழுதுங்கள், ஈரத்தில் மை கரையும். தேதி, இடம், மணல் எப்படிப்பட்டது (கடலோரம், ஆற்றங்கரை, நகரும் மேடு, தரிசு), ஓராண்டா பல்லாண்டா, பற்களின் திசை, ஒட்டின் உயரம், சிறுகதிர் எண்ணிக்கை. பெயரைக் கடைசியில், அளவுகளுக்குக் கீழே எழுதுங்கள். பெயரை முதலில் எழுதிவிட்டால் அளவுகள் அந்தப் பெயருக்கு ஏற்றபடி வளைந்துவிடும்.

இடத்தைவிட்டுக் கிளம்பும்முன் காலுறை, செருப்பின் அடிப்பாகம், பையின் தையல் ஓரம், மண்கரண்டி ஆகியவற்றைப் பார்த்து, ஒட்டியிருக்கும் கொத்துகளைச் சாமணத்தால் எடுத்து ஓர் உறையில் போட்டு மூடுங்கள். வழியில் உதறிவிடாதீர்கள். லாங்கிஸ்பைனஸ் கொத்தில் ஒரு விதை முதலில் முளைக்கும், அடுத்தது உறங்கிக் கிடந்து பிறகு முளைக்கும். ஒரு கொத்து விழுந்த இடத்தில் ஒருமுறை களை பிடுங்கிவிட்டால் போதாது. வேலை முடிந்த கொத்துகளையும் குப்பையில் போடாமல் எரித்துவிடுங்கள்.